இருமுதுகுரவரின் மௌனம்: சிலப்பதிகாரத்திற் பெற்றோர் நிலை

1892 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றிய நாள்முதல் அக்காப்பியம் பற்றி எழுந்த எழுத்துகள் பெருந்தொகையின. கண்ணகியின் கற்பு, பாண்டியனின் நீதி, ஊழின் வலிமை, மாதவியின் கலை, மூவேந்தர் நாட்டையும் ஒருங்கே நோக்கிய இளங்கோவின் பார்வை ஆகியன மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டுள்ளன. கோவலன் பட்டிமண்டபங்களிற் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு, பேசுவோரின் நாவன்மைக்கேற்ப விடுதலையும் தண்டனையும் மாறிமாறிப் பெற்றுவந்துள்ளான். இவற்றிடையே, கதையின் தோற்றுவாயில் நின்று பின் மறைந்துவிடும் நால்வர் மீது திறனாய்வாளரின் கண் அதிகம் படவில்லை. மாசாத்துவான், அவன் மனைவி, மாநாய்கன், அவன் மனைவி என்போரே அந்நால்வர். தாயர் இருவர்க்கும் காப்பியத்திற் பெயர்தானும் இல்லை.

இவர்களைக் குறித்து எழுப்பவேண்டிய வினா எளியது. கோவலன் மனைவியை நீங்கி மாதவியின் மனையில் வாழ்ந்த காலம் சில நாளன்று. மணிமேகலை பிறந்து, கணிகையர் பலர் கூடிப் பெயரிட்டு வாழ்த்த, கோவலன் பொன்னை வாரி வழங்கிய விழா நடந்தேறும் அளவுக்கு அது நீண்டது. அவ்விழா ஊரறிய நடந்தது; பின்னொருகால் மதுரையில் மாடலன் அதனைக் கோவலனின் கொடைச் சிறப்புகளுள் ஒன்றாக எடுத்துரைக்கின்றான். குலத்தார் ஈட்டிய மலைபோன்ற செல்வம் கரைந்ததும் இக்காலத்திலேயே. இவ்வளவும் நடக்கையில் இரு வீட்டுப் பெற்றோரும் அதே புகார் நகரிலேயே இருந்தனர். அவர்கள் அறிந்திருந்தனரா? அறிந்திருந்தால் ஏன் வாய்திறக்கவில்லை?

ஊழ்வினையை முன்னிறுத்துவோர்க்கு இவ்வினாவே தேவையற்றதாகத் தோன்றும். முற்பிறப்பிற் சங்கமன் என்னும் வணிகனுக்கும் அவன் மனைவிக்கும் இழைத்த தீங்கு உருத்துவந்து ஊட்டும்போது தாய் தந்தையரின் சொல் என்ன செய்துவிடும் என்பது அவர் வாதம். ஆயின் ஊழை நம்பிய இளங்கோவே மனிதர் ஒவ்வொருவரும் என்ன செய்தனர், என்ன செய்யத் தவறினர் என்பதை அளந்து காட்டாமல் விட்டாரல்லர். பொற்கொல்லனின் வஞ்சமும் அரசனின் அவசரமும் ஊழின் பெயரால் மன்னிக்கப்படவில்லை. எனவே பெற்றோரின் ஒழுகலாற்றையும் காப்பியத்தின் உள்ளிருந்தே நோக்குதல் தகும்.

மங்கல வாழ்த்துப் பாடலில் மணமக்களின் வயது கூறப்படுகின்றது. கண்ணகிக்கு 12; கோவலனுக்கு 16. திருமணம் காண விரும்பியோர் பெற்றோரே. மணமக்களின் விருப்பம் பற்றிய பேச்சு அங்கு இல்லை. சாத்து என்பது தரைவழி வணிகக் கூட்டத்தையும், நாய்கன் என்பது கடல் வணிகனையும் குறிக்கும் சொற்கள் என்பதை மனங்கொண்டால், இம்மணம் புகாரின் இருவகை வணிகச் செல்வங்கள் கைகோத்துக்கொண்ட நிகழ்ச்சியாகவும் தோன்றும். யானைமீது மகளிரை ஏற்றி ஊருக்கெல்லாம் அறிவித்து நடத்தப்பட்ட மணம் அது. அம்மணத்தில் வாழ்த்திய மகளிர், காதலனைப் பிரியாதிருக்கவும் தழுவிய கை நெகிழாதிருக்கவும் வேண்டினர். வாழ்த்தின் முதற்சொல்லே பிரிவைப் பற்றியது. செல்வக் குடியில் மணம்புரிந்த பெண்ணுக்கு எவ்விடத்தில் இடர் வரும் என்பதை அம்மகளிர் நன்கறிந்திருந்தனர். அறிந்ததை வாழ்த்தாகச் சொல்லிவிட்டு அவரவர் இல்லம் சென்றனர்.

அடுத்து மனையறம் படுத்த காதையின் இறுதியில் கோவலனின் தாய் ஒரு செயல் புரிகின்றாள். காப்பியத்தில் அவள் தன் முனைப்பாற் செய்ததாகச் சொல்லப்படும் செயல் இது ஒன்றே எனலாம். மகனும் மருமகளும் அறமும் விருந்தும் ஓம்பித் தனித்துச் சிறந்து வாழ்வதைக் காண விரும்பி, பணியாளரும் பொருளும் கொடுத்து அவர்களை வேறு மனையில் இருத்துகின்றாள். இக்காலத்தில் தனிக்குடித்தனம் எனப்படுவது இதுவே. இச்செயலைக் குறைகூறுதல் இயலாது. மருமகளைத் தன் அடுக்களைக்குள் அடக்கி வைக்காமல் ஒரு மனைக்குத் தலைவியாக்கிய பெருந்தன்மை அதில் உண்டு. ஆயினும் அத்தனிமனையே பின்னர்க் கண்ணகியின் தனிமைக்கும் இடமாயிற்று. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருந்தால் மகன் வாராத முதல் இரவிலேயே தாய் அறிந்திருப்பாள். அறிந்தும் அறியாதவள்போல் நடந்துகொள்ள அவளால் இயன்றிராது. தலையிடாமையைத் தாய் தன் நற்குணமாகத் தேர்ந்துகொண்டபோது அதன் விலை எவ்வளவென்பது அவளுக்குத் தெரியாது.

பெற்றோர் பேசாதிருந்தது அக்காலச் சமூக வழக்கு என்று விடைகூறி அமைதல் எளிது. பரத்தையிற் பிரிவு மருதத்திணையின் பொருளாகப் பழைய அகப்பாடல்களில் இடம்பெற்றதென்பதும், செல்வர் கணிகையரை நாடுவதைக் குற்றமெனக் கருதாத நிலவுடைமை, வணிகச் சூழல் நிலவியதென்பதும் உண்மை. எனினும் வழக்கு என்பது மௌனம் அன்று. அகமரபு பிரிவை ஏற்றுக்கொண்ட அதே வேளையிற் பிரிந்தவனை மீட்கும் வாய்களையும் வகுத்து வைத்திருந்தது. தோழி சினந்து பேசுவாள். பாணனும் விறலியும் தூது செல்வர். விருந்தினர் வந்தால் ஊடல் தணியும். சிறுபுதல்வன் தெருவில் நின்று தந்தையைப் பற்றிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவி கதவடைப்பாள். ஊடல் என்பது மனைவியின் கையில் இருந்த முறையீட்டு உரிமை.

தொல்காப்பியக் கற்பியல் இதனை இன்னும் நுட்பமாகக் கூறுகின்றது. கற்புக் காலத்தில் முன் நிகழ்ந்தது, இப்போது நிகழ்வது, இனி வரக்கூடியது ஆகிய மூன்றிலும் நல்லதை எடுத்துரைத்தலும் தீயதை விலக்குதலும் செவிலிக்கு உரியன என அது விதிக்கின்றது. அடுத்து, அச்சொற்கள் அறிவர்க்கும் உரியன என்கின்றது. பின்னர்ச் செவிலிக்குத் தராத ஓர் உரிமையையும் அறிவர்க்கு அளிக்கின்றது. இடித்துரைத்துத் தடுத்து நிறுத்தும் உரிமை அது. கணவனும் மனைவியும் அவர் சொல்லின் எல்லையில் நிற்பர் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். இங்கு ஈன்ற தாய்க்கும் தந்தைக்கும் அவ்வுரிமை தரப்படவில்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது. வளர்த்தவள் அறிவுறுத்தலாம், இரு வீட்டுக்கும் பொதுவான சான்றோர் இடித்துரைக்கலாம். பெற்றோர் நேரே புகுந்தால் அது ஒரு பக்கத்தின் குரலாகிவிடும் என்னும் அச்சம் இவ்விதியின் பின்னால் இருந்திருத்தல் கூடும். தலையிடுவதா விடுவதா என்ற வினாவுக்கு இலக்கணம் தந்த விடை, தலையிடுவதற்கு ஒரு மூன்றாம் ஆளை வைத்திருங்கள் என்பதே.

சங்கப் பாடல்களிற் செவிலி மணமான மகளின் மனைக்குச் சென்று திரும்பி நற்றாயிடம் உரைக்கும் கூற்றுகள் இம்மரபுக்குள் அடங்குவன. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் இதற்கென்றே செவிலி கூற்றுப் பத்து என ஒரு பத்து உண்டு. குறுந்தொகை 167 ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் காட்சி பலரும் அறிந்தது. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையுடன், தாளிப்புப் புகை கண்ணிற் பட, தானே ஆக்கிய குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மலர்ந்ததாம். செவிலி அங்கே ஏதும் சொன்னதாகப் பாடல் இல்லை. அவள் பார்க்கச் சென்றாள், பார்த்தாள், வந்து சொன்னாள். கவலைகொண்ட தாய்க்கு அதுவே போதுமானதாயிற்று.

எல்லா மனையும் அவ்வாறன்று. நற்றிணை 110 இல் போதனார் காட்டும் மகள், சிறுமியாய் இருந்தபோது பொற்கலத்தில் தேன்கலந்த பாலை ஏந்தி நரைமூதாட்டியர் பின்னால் ஓடவும் உண்ண மறுத்துப் பந்தரைச் சுற்றி ஓடியவள். இப்போது கணவன் வீடு வறுமையுற, தந்தையின் செழுஞ்சோற்றை நினைத்தும் பாராமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இவ்வறிவை இவள் எங்குக் கற்றாள் எனத் தாய்நெஞ்சு வியக்கின்றது. அவ்வியப்பின் அடியில் வேறொன்றும் உண்டு. சோற்றைக் கொடுத்தனுப்பக் கூடிய தந்தை இருக்கின்றான். வாங்க மறுக்கும் மகள் இருக்கின்றாள். தலையீட்டைத் தடுப்பது இங்கு வழக்கமோ அச்சமோ அன்று, மகளின் தன்மானம். பெற்றோர் அதைக் கண்டு பின்வாங்குவது மதிப்பின் பாற்பட்டது. இத்தகைய பின்வாங்கலையும் புகாரில் நிகழ்ந்ததையும் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. ஏனெனில் போதனாரின் தலைவி வறுமையைக் கணவனோடு பகிர்ந்துகொண்டவள். கண்ணகிக்கோ பகிர்ந்துகொள்ளக் கணவனே அருகில் இல்லை.

சிலப்பதிகாரத்துள் வந்து நோக்கினால் அகமரபின் அந்த வாயில்கள் எல்லாம் கண்ணகிக்கு அடைபட்டிருப்பது புலப்படும். சினந்து பேசும் தோழி அவளுக்கு இல்லை. தேவந்தி என்னும் பார்ப்பனத் தோழி உண்டு. எட்டாண்டு வாழ்ந்த கணவன் கோயிலிலே தெய்வமாய் மறைய, அவன் தீர்த்தயாத்திரை சென்றதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு வாழ்பவள் அவள். கணவன் மீள்வதற்குச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் நீர்த்துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுமாறு அவள் அறிவுரை கூறுகின்றாள். அது பெருமையன்று என ஒற்றைச் சொல்லிற் கண்ணகி மறுத்துவிடுகின்றாள். அம்மறுப்பின் உயர்வைப் பலர் போற்றியுள்ளனர். ஆனால் அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். தவறியவன் கோவலன், நீராடும்படி கூறப்பட்டவள் கண்ணகி. காப்பியம் முழுவதையும் தேடினாலும் புகார் நகரில் எவரும் கோவலனை நோக்கி ஒரு சொல் இடித்துரைத்ததாகக் காணமுடியாது. அறிவர் என்று சொல்லத்தக்க கவுந்தியடிகள் வந்து சேரும்போது அவர்கள் புகாரை விட்டு வெளியேறிவிட்டனர்.

இனிப் பெற்றோர் செய்தது யாது? இதற்கு நேர்விடை ஓரிடத்தில் மட்டும் உள்ளது. அவ்விடம் புகார்க்காண்டத்தில் இல்லை. கொலைக்களக் காதையில், மாதரியின் மனையில், கோவலன் உணவுண்டு எழுந்து சிலம்பு விற்கப் புறப்படுவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ளது. தாய் தந்தையரின் ஏவலிற் பிழைத்தேன், உனக்குச் சிறுமை செய்தேன் எனக் கோவலன் வருந்துகின்றான். புறப்படு என்றவுடன் புறப்பட்டாயே எனவும் இரங்குகின்றான். அப்போதுதான் கண்ணகி முதன்முறையாகத் தன் கணவனைக் குறைகூறுகின்றாள். அறவோர்க்கு ஈதலையும் அந்தணரைப் பேணலையும் துறவியரை எதிர்கொள்ளலையும் விருந்து ஓம்பலையும் இழந்து தான் இருந்த நாளில் மாமியும் மாமனும் வந்ததை அவள் நினைவுகூர்கின்றாள். அவர்கள் அன்பு மிக்கு அருள்மொழி பேசித் தன்னைப் பாராட்டினர். தான் உள்ளே மறைத்த நோயையும் துன்பத்தையும் தன் பொய்ம்முறுவல் காட்டிக்கொடுத்துவிட்டது. அது கண்டு அவர் உள்ளம் வருந்தினர் என்கின்றாள்.

ஒரு நாவல் முழுவதற்கும் போதுமான காட்சி இது. இளங்கோ சில அடிகளில் முடித்துவிடுகின்றார். மூவரும் ஒரு மனையில் இருக்கின்றனர். வரவேண்டிய நான்காமவன் எங்கிருக்கின்றான் என்பது மூவர்க்கும் தெரியும். அவன் பெயரை எவரும் எடுக்கவில்லை. மாமியும் மாமனும் மருமகளைப் புகழ்கின்றனர், மருமகள் சிரிக்கின்றாள், அச்சிரிப்பு பொய் என்பது அவர்களுக்கு விளங்குகின்றது, விளங்கியதும் அவளுக்குத் தெரிகின்றது. அதன்பின் அவர்கள் எழுந்து சென்றிருப்பர்.

பெற்றோர் கவலைப்படவில்லை என்ற குற்றச்சாட்டு இக்காட்சியால் உடைந்துவிடுகின்றது. அவர்கள் வந்தனர், கண்டனர், வருந்தினர். குறுந்தொகைச் செவிலி செய்ததும் வருதலும் காணுதலுந்தான். வேறுபாடு கண்டதன் பின் நிகழ்ந்ததில் உள்ளது. அருள்மொழியும் பாராட்டும் உண்மை அன்பிலிருந்து எழுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை சென்று சேர்ந்த இடம் தவறானது. குற்றம் இழைத்தவனிடம் சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாமல், குற்றத்தைத் தாங்கியவளிடம் நீ நல்லவள் என்று சொல்வது ஒருவகையில் அவளைத் தொடர்ந்து தாங்கும்படி கேட்பதாகும். பொறுமைசாலியான மருமகள் என்று இன்றும் ஊர்களிற் கேட்கும் புகழ்மொழிக்கு இந்த இரட்டைப் பொருள் உண்டு. புகழப்பட்ட பின் அவள் அழ முடியாது. கதவடைத்து ஊட முடியாது. தந்தை வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. பெற்றோர் தலையிடவில்லை என்பதுகூடச் சரியன்று. அவர்கள் பாராட்டின் வழியாகத் தலையிட்டனர். அத்தலையீடு மகனுக்கே துணைபோயிற்று.

எனினும் இவ்வருகை முற்றிலும் வீணாகவில்லை. கண்ணகி கணவனிடம் எதைக் குற்றமாகச் சாட்டுகின்றாள் என்பதைப் பார்க்கவேண்டும். தான் பட்ட துயரை அவள் குற்றமாக முன்வைக்கவில்லை. முதியோர் உள்ளம் வருந்தும்படி ‘போற்றா ஒழுக்கம்’ புரிந்தீர் என்பதே அவள் கூற்று. தன் துயரைத் தன் பெயராற் சொல்ல அவளுக்கு வாயில்லை. மாமன் மாமியின் துயரைச் சொல்லும்போது அதற்குள் தன்னதையும் வைத்துச் சொல்லிவிடுகின்றாள். அவர்கள் பேசாமற் போனாலும் அவர்கள் முகம் வாடியதைக் கண்டிருந்தமையால், பின்னொருநாள் அவள் பேச ஒரு சொல் கிடைத்தது. அந்நாள் கோவலனின் இறுதி நாளாக அமைந்தது காப்பியத்தின் கொடுமை.

மகன் பக்கத்திலும் இதே மௌனம் நிலவியது என்பதற்கு மாதவியின் ஓலை சான்றாகின்றது. புறஞ்சேரி இறுத்த காதையிற் கௌசிகன் கோவலனைக் கண்டு, அவன் பெற்றோர் மணியிழந்த நாகம்போல் ஆயினர் எனவும், ஏவலாளர் எத்திசையும் தேடி அனுப்பப்பட்டனர் எனவும் கூறுகின்றான். ஒரே நகரில் இருந்த மகனிடம் செல்லாதவர், அவன் நகரை விட்ட பின்னர்த் திசையெங்கும் ஆள் விட்டனர். கௌசிகன் கொணர்ந்த ஓலையில் மாதவி, பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் மறந்து குலமகளோடு இரவிற் பிரிந்து செல்ல நேர்ந்த பிழை யாதென அறியாது கலங்கி, பொறுத்தருளுமாறு வேண்டியிருந்தாள். அதனைப் படித்த கோவலன், இதன் பொருள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதவேண்டியதற்கும் பொருந்தும் என்று கூறி, அவ்வோலையையே அவர்களிடம் கொடுக்குமாறு திருப்பி அனுப்புகின்றான். தாய் தந்தையர்க்குச் சொல்லத் தனக்கென ஒரு சொல் அவனிடம் இல்லை. எவள் பொருட்டு அவர்களை வருத்தினானோ அவள் எழுத்தையே கடன்வாங்குகின்றான். அவ்வோலை அவர்கள் கையிற் சேர்ந்ததாகவும் காப்பியம் காட்டவில்லை.

மாநாய்கனின் நிலை மேலும் இருள்படிந்தது. கண்ணகியின் மனைக்கு அவள் மாமனும் மாமியும் வந்தனர். ஈன்றோர் வந்ததாக அவள் கூறவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றி வாய்திறப்பது எவ்வளவு அருமை என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்ற யாழ்ப்பாணத்துத் தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகத் தனித்து வைத்தது. அவ்வுடைமை கணவனாற் கரையும்போது, மகளின் மனத்துயரைப் பேச நாணும் தந்தை காணியைப் பற்றியாவது பேசலாம். புகாரின் வணிகத் தந்தைக்கு அத்தகைய பிடி ஒன்று இருந்ததாகக் காப்பியத்தில் அறிகுறி இல்லை. கோவலன் கைப்பொருள் இழந்து திரும்பியபோது, சிலம்பு உள்ளது கொள்க எனக் கண்ணகி தானே எடுத்துக் கொடுக்கின்றாள். பாண்டியன் அவையில் தன்னை அறிவிக்கும்போதும் அவள் புகாரையும் அதன் மன்னரையும் மாசாத்துவானையும் கோவலனையும் சொல்கின்றாள். மாநாய்கன் பெயரைச் சொல்லவில்லை. கணவன் குடியைச் சொல்லித் தன்னை அறிவித்தல் மரபே. ஆயினும் கதைத் தொடக்கத்தில் யார் மகள் என்று அறிமுகம் செய்யப்பட்டாளோ அவர் அவள் வாயில் ஓரிடத்தும் வாராமை நெஞ்சை உறுத்துகின்றது.

இந்நால்வர்க்கு எதிர்நிலையிற் சித்திராபதி நிற்கின்றாள். மகளின் வாழ்விலும் பெயர்த்தியின் வாழ்விலும் தயங்காமற் குறுக்கிடும் தாய் அவள். மணிமேகலைக் காப்பியத்தில் அவள் வயந்தமாலையைத் தூதனுப்புகின்றாள்; உதயகுமரனைத் தூண்டுகின்றாள்; வஞ்சினம் கூறுகின்றாள். தலையிடும் தாயைத் தமிழ்க் காப்பிய மரபு கணிகையர் வீதியில் வைத்து வெறுக்கத்தக்கவளாகத் தீட்டியது. பேசாத தாயரைப் பெருமனையில் வைத்து இரங்கத்தக்கவராகத் தீட்டியது. குடிப்பிறப்புக்கு மௌனம் அணி என்ற கருத்து இவ்வமைப்பிற் படிந்துள்ளது. ஆயின் இளங்கோ அக்கருத்தோடு முற்றாக உடன்பட்டார் எனக் கொள்ள முடியவில்லை. நீர்ப்படைக் காதையில் மாதவி தன் தாய் சித்திராபதியிடமே, தன் மகள் கணிகைக் கோலம் காணாதொழிக என்று அறிவித்துக் கூந்தலைக் களைந்து அறத்தின்பாற் செல்கின்றாள். தாயொருத்தி மகளின் எதிர்காலத்தை மறித்து நின்று ஒரு முடிவைச் சொல்லும் அவ்விடத்தில் கவிஞர் அவளைப் பழிக்கவில்லை. காலந்தாழ்த்தாமற் பேசிய ஒரே தாய் அவளே.

அதே காதையில் மற்றை நால்வரின் முடிவும் கூறப்படுகின்றது. மாசாத்துவான் பொருளைத் தானமாக ஈந்து இந்திர விகாரம் ஏழும் புக்குத் துறவு பூணுகின்றான். மாநாய்கன் ஆசீவகர் முன் அறங்கொள்கின்றான். தாயர் இருவரும் துயர் தாங்காது உயிர் நீக்கின்றனர். செய்தி சொல்வோனின் வாயில் இவை நான்கும் அடுத்தடுத்து விரைந்து செல்கின்றன. ஆடவர்க்குச் செல்வதற்குத் துறவென்று ஓரிடம் இருந்தது. பெண்டிர்க்கு அதுவும் இல்லை.

பெரும்பாலான கதைகள் இவ்விடத்தில் இப்பாத்திரங்களை விட்டிருக்கும். இளங்கோ விடவில்லை. காப்பியத்தின் கடைசிக் காதையாகிய வரந்தரு காதையில், வஞ்சி நகரிற் பத்தினிக் கோட்டத்தின் முன், சாத்தன் தேவந்தியின்மேல் ஆவேசித்துப் பேசுகின்றான். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்மக்கள் மீதும் சேடக்குடும்பியின் இளமகள் மீதும் நீர் தெளிக்கப்படுகின்றது. இரட்டையர் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயுமாக முற்பிறப்பில் இருந்தவர், மூன்றாமவள் மாதரி. கண்ணகியின்மேல் வைத்த அன்பே அவர்களை அங்கு வந்து பிறக்கச் செய்ததாம். நீர் பட்டதும் சிறுமியர் முற்பிறப்பை உணர்ந்து அரற்றத் தொடங்குகின்றனர்.

இப்பகுதியை இயற்கையிகந்த கற்பனை எனவும், காப்பியத்தின் பிற்பகுதியில் வந்து சேர்ந்த சமயச் சுமை எனவும் ஒதுக்குவோர் உளர். வஞ்சிக் காண்டத்தின் உண்மை பற்றிய விவாதம் வேறு. இங்கு நோக்கவேண்டியது அச்சிறுமியரின் சொற்களையே. கண்ணகியின் தாயாக இருந்தவள், புகழப்பட்ட கணவன் ‘போற்றா ஒழுக்க’த்தால் உன்னை இகழ்ந்ததற்கு இரங்கும் என்னை நீ நோக்கவில்லையே என்று அழுகின்றாள். அயல்நாட்டில் யாருமின்றிக் கணவனுடன் கடுந்துயர் உற்றாயே, நான் பெற்ற மகளே, என் துணைத்தோழியே, வா என்கின்றாள். மாதரியின் மனையிற் கண்ணகி கணவனை நோக்கிச் சொன்ன அதே தொடர் இங்கு அவள் தாயின் நாவில் வருகின்றது. மகள் சொன்னதைத் தாய் கேட்டிருக்க வழியில்லை. இருவரும் தனித்தனியே ஒரே சொல்லை நெஞ்சில் வைத்திருந்தனர் என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் எளிதிற் கிட்டாது. புகார் நகரில் ஒருவர் மனைக்கு ஒருவர் சென்று சொல்லியிருக்கக்கூடிய சொல் அது. தாய் மகளைத் தோழி என விளித்தலும் தற்செயலன்று. அகமரபிலே தலைவனைத் தடுத்துப் பேசும் உரிமை யாருக்கு இருந்ததோ, கண்ணகிக்கு யார் இல்லாது போனாளோ, அந்த இடத்தின் பெயரை ஈன்றவள் இப்போது உச்சரிக்கின்றாள்.

கோவலனின் தாயாக இருந்தவளோ, தன்னோடு இருந்த நங்கை நள்ளிரவில் தனித்துயர் உழந்து போனதற்குத் தன் நெஞ்சு பொறுக்கவில்லை என அரற்றி, என் மகனே வா என அழைக்கின்றாள். வேறு மனையில் இருத்தியவள் அவளே. நினைவிலோ மருமகள் தன்னோடு இருந்தவளாக மாறிவிட்டாள். மகனுக்காக அழவந்த இடத்திலும் அவள் முதலிற் சொல்வது மருமகளின் துயரை. முன்பு பாராட்டாக மட்டும் வெளிப்பட்ட அன்பு இப்போதுதான் குற்றவுணர்வோடு கலந்து வெளிப்படுகின்றது. செட்டி வீட்டுக் குழந்தைகள் முதியோரின் அழுகையை அழுவதைக் கண்டு அவையோர் வியந்திருத்தல் வேண்டும். வாழ்ந்த காலத்திற் பேச இயலாத சொல்லைப் பேசுவிக்க இளங்கோவுக்கு இன்னொரு பிறப்பும், தெய்வ ஆவேசமும், இரு குழந்தைகளின் வாயும் தேவைப்பட்டன.

அந்தக் கோட்டத்தில் அரசர் பலர் கூடியிருந்தனர். கடல்சூழ்ந்த இலங்கையின் கயவாகு வேந்தனும் அவர்களுள் ஒருவன். கிழக்கிலங்கையில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகை அம்மனைத் தாயே என்று விளித்துக் குளிர்த்தி பாடுவோர், தம் வழிபாட்டின் தொடக்கத்தை அவ்வரசனோடு இணைத்து நினைப்பது வழக்கம். முந்திய வாழ்த்துக் காதையில் வானிற் தோன்றிய கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் எனக் கூறித் தன்னை அவன் மகளாகவே அறிவித்துக்கொள்கின்றாள். வரந்தரு காதையில் எம் நாட்டிலும் எழுந்தருள்க என அரசர் வேண்டியபோது, வரம் தந்தேன் என ஒரு குரல் எழுகின்றது. மகளே வா என்று அழுத சிறுமிக்குக் காப்பியத்தில் மறுமொழி ஏதும் இல்லை.